ஓத அட்டவணையும் பாம்புப் பஞ்சாங்கமும்

வேல்ஸ் கடற்கரைக்குக் குடும்பத்தோடு போகிறீர்களா, ஹோட்டல் வேண்டாம், வீடு எடுங்கள். யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். காரணம் ரசனை ஒன்றுமில்லை, சோறுதான். தூத்துக்குடியிலிருந்து கோடைக்கு வந்திருக்கும் எழுபது வயது தாண்டிய அம்மா, இரவில் சோறு இல்லாவிட்டால் சாப்பிட்ட கணக்கில் வராது என்னும் அத்தான், பசி வந்தால் ஐந்து நிமிடம் பொறுக்காத பிள்ளைகள். இவர்களைக் கூட்டிக்கொண்டு ஒரு வாரம் மீனும் உருளைக்கிழங்கு வறுவலுமாக ஓட்ட முடியாது.

இங்கே காட்டேஜ் எடுப்பதற்கென்று ஒரு முறை இருக்கிறது. சனிக்கிழமை மாலை நாலு மணிக்குச் சாவி. அடுத்த சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வீடு காலியாக வேண்டும். இடையில் வீடு நம்முடையது. படுக்கை விரிப்பு, சட்டி பானை, துணி துவைக்கும் மெஷின் எல்லாம் இருக்கும். சமைப்பது, கழுவுவது, குப்பையைப் பிரிப்பது நம் பாடு. பள்ளி விடுமுறை வாரமென்றால் வாடகை எகிறிவிடும். நாங்கள் இங்கிலாந்தின் ரெடிங்கிலிருந்தும் அக்கா குடும்பம் பர்மிங்காமிலிருந்தும் வந்து பங்கு போட்டுக்கொண்டதால் கட்டுப்படியானது.

வீடு சோல்வாவில். வேல்ஸின் தென்மேற்கு மூலையில், பெம்ப்ரோக்‌ஷயரில் இருக்கும் சிறிய துறைமுக ஊர். அந்தக் கடற்கரை முழுவதும் 1952லேயே தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1970ல் திறந்த 186 மைல் நடைபாதை ஒன்று பாறை விளிம்பை ஒட்டியே வளைந்து வளைந்து போகிறது. சோல்வாவில் கடல் நேராகத் தெரியாது. இரண்டு குன்றுகளுக்கு நடுவே கடல் திரும்பி ஊருக்குள் வருகிறது. பழைய காலத்தில் கப்பல்கள் ஒளிய வசதியாக இருந்திருக்கும். கடத்தல்காரர்களுக்கும்தான். எங்கள் வீடு தடிமனான கல்சுவர், குட்டி ஜன்னல். கூரையில் ஸ்லேட் ஓடு போட்டு அதன்மேல் சிமெண்ட் கரைசலைப் பூசி மூடியிருந்தார்கள். அட்லாண்டிக் புயலில் ஓடு பறக்காமல் இருக்க இந்தப் பக்கத்தில் செய்யும் பழைய வேலை இது. செண்பகம் பில்டிங் ஒழுகும்போது நாமும் இதைத்தானே செய்தோம் என்றாள் அம்மா. அது எங்கள் வாடகை வீட்டு மொட்டைமாடிக் கதை, இங்கே வேண்டாம்.

போகிற வழியில் ஒரு கோயில். ரெடிங்கிலிருந்து எம்4 நெடுஞ்சாலை நேராக வேல்ஸுக்குள் கொண்டுபோய் விடும். செவர்ன் பாலத்துச் சுங்கம் 2018 டிசம்பரோடு ஒழிந்தது, அதனால் நிற்காமல் போகலாம். கார்மார்த்தனுக்கு வடக்கே, எதிரில் ஒரு டிராக்டர் வந்தால் நாம் பின்னால் எடுத்தே ஆக வேண்டிய ஒற்றைச் சந்துகளுக்குள் நுழைந்தால், காட்டுக்கு நடுவே ஸ்கந்தவேல் மடம். இலங்கையில் பிறந்த குரு ஸ்ரீ சுப்ரமணியம் 1973ல் தொடங்கியது. லண்டன் தமிழர்கள் வேன் பிடித்து வருகிற தலம். 2007ல் காசநோய்ச் சோதனையில் சிக்கிய ஷாம்போ என்ற காளையைக் காப்பாற்ற நீதிமன்றம் வரை போனார்களே, அதே மடம்தான். காப்பாற்ற முடியவில்லை. முருகன் சன்னதியில் பூஜை செய்கிறவர் வெள்ளைக்காரத் துறவி. தீபாராதனை நேரத்தில் அம்மா கண்ணை மூடாமல் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும் "சுத்தமா பண்ணுதாருல" என்றாள். அம்மாவிடம் இருந்து இந்தச் சான்றிதழ் வாங்குவது எளிதல்ல.

இந்தக் கோயிலுக்கு வருவதற்கு முன் சில நாட்கள் அசைவம் தவிர்க்கச் சொல்வார்கள். அதனால் போகும்போதே கோயில், அப்புறம்தான் நண்டு. எங்கள் வாரத்தின் முதல் விதி அப்படித்தான் விழுந்தது.

வீட்டைத் திறந்ததும் மேஜைமேல் ஒரு தட்டில் பாரா பிரித். தேநீரில் ஊறவைத்த உலர் பழங்களைப் போட்டுச் செய்யும் வேல்ஸ் ரொட்டி, வெண்ணெய் தடவிச் சாப்பிட வேண்டும். ஃபிரிட்ஜில் பால். பக்கத்தில் ஒரு கனத்த ஃபைல். இந்த ஃபைலைப் படிக்காமல் யாரும் கழிப்பறைக்குக்கூடப் போகக் கூடாது, ஏனென்றால் இந்த வீடுகளில் பலவற்றில் செப்டிக் டேங்க்தான், எதைப் போடலாம் எதைப் போடக்கூடாது என்று பட்டியலே இருக்கும். குப்பைக்கு இரண்டு பக்கம். காகிதம் ஒன்று, அட்டை ஒன்று, கண்ணாடி ஒன்று, பிளாஸ்டிக்கும் தகரமும் ஒன்று, உணவு மிச்சம் ஒன்று. மறுசுழற்சியில் உலகத்திலேயே முன்வரிசையில் நிற்கும் நாடு வேல்ஸ் என்பது சும்மா வந்ததில்லை. அத்தான் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டார். தயிர் டப்பாவைக் கழுவாமல் போட்டவர் யார் என்று விசாரணை நடத்தும் அளவுக்கு அதில் இறங்கிவிட்டார்.

அடுப்பு விஷயம் முக்கியம். பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் இண்டக்‌ஷன். ஊரிலிருந்து கொண்டுவந்த அலுமினியக் குக்கர் அதில் சூடே ஆகாது, அடியில் காந்தம் ஒட்டுகிற பாத்திரம்தான் வேண்டும். எவர்சில்வர் குக்கர், ஒரு இரும்பு தோசைக்கல், அஞ்சறைப்பெட்டி, பத்து கிலோ பொன்னி, ஒரு டப்பா நிறைய இட்லி மாவு. மே மாதத்து வேல்ஸ் குளிரில் மாவு புளிக்காது. கொதிகலன் இருக்கும் அலமாரிக்குள் துண்டைச் சுற்றி வைத்தால் காலையில் பொங்கியிருக்கும். தாளிக்கும் முன் பின்கதவைத் திறந்துவிட வேண்டும். காய்ந்த மிளகாய் கருகும் நெடிக்குப் புகை எச்சரிக்கை மணி வீல் என்று அலறும், பக்கத்து வீட்டுக் கிழவர் செருப்புப் போடாமல் ஓடிவருவார். எங்கள் விஷயத்தில் வந்தார். வந்தவருக்கு ஒரு கிண்ணம் சாம்பார் கொடுத்தனுப்பினோம். மறுநாள் கிண்ணம் நிறைய புது உருளைக்கிழங்கோடு திரும்பி வந்தது. பெம்ப்ரோக்‌ஷயரில் உறைபனி குறைவு என்பதால் அங்கே கிழங்கு மற்ற இடங்களுக்கு முன்பே எடுத்துவிடுவார்கள், பேர்போன கிழங்கு. தோலோடு அவித்து, மிளகுப்பொடி, உப்பு. வேறொன்றும் வேண்டாம்.

ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும். இந்த நாட்டில் எந்தக் காட்டேஜுக்குப் போனாலும் கத்தி மொட்டையாகத்தான் இருக்கும். ஒயின் கிளாஸ் பன்னிரண்டு இருக்கும், வெங்காயம் நறுக்க ஒரு கத்தி இருக்காது.

சரி, கடலுக்கு வருவோம். தூத்துக்குடிக் கடல் ஏறினாலும் வற்றினாலும் பெரிதாகத் தெரியாது, ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். சோல்வாவில் முதல் நாள் மாலை பார்த்தபோது துறைமுகம் தளும்பிக்கொண்டிருந்தது. மறுநாள் மதியம் அதே இடத்தில் தண்ணீரே இல்லை. படகுகள் சேற்றில் ஒருக்களித்துக் கிடந்தன, நடுவில் ஒரு வாய்க்கால் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா படிக்கட்டில் நின்றுவிட்டாள். "ஏல, கடல் எங்கல போச்சு?"

உலகத்திலேயே அதிக ஏற்றவற்றம், அதாவது ஓதம், உள்ள இடங்களில் வேல்ஸுக்கும் தென்மேற்கு இங்கிலாந்துக்கும் நடுவே நுழையும் பிரிஸ்டல் கால்வாயும் ஒன்று. உள்ளே போகப் போகக் கரைகள் நெருங்குவதால் நீர்மட்டம் பதினான்கு மீட்டர் வரைகூட ஏறி இறங்கும். வாய்ப்பகுதியை ஒட்டிய பெம்ப்ரோக்‌ஷயரில் அவ்வளவு இல்லை, ஆனாலும் பெரிய ஓத நாட்களில் ஆறு மீட்டருக்கு மேல். இரண்டு மாடி உயரம். ஆறு மணி நேரம் ஏற்றம், ஆறு மணி நேரம் வற்றம், ஒவ்வொரு நாளும் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். ஒரே வேகத்தில் ஏறுவதும் இல்லை. முதல் மணி நேரத்தில் மொத்த உயரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அடுத்ததில் இரண்டு, நடு இரண்டு மணி நேரங்களில் தலா மூன்று, பிறகு அதே கணக்கில் குறையும். அதாவது பாதி ஏற்றம் நடுவில் உள்ள இரண்டு மணி நேரத்திலேயே நடந்துவிடும். பாறை மூலையைச் சுற்றி அடுத்த மணல்திட்டுக்கு நடந்து போனவர்கள் திரும்பும்போது வழி இல்லாமல் மாட்டிக்கொள்வது இந்த மணி நேரங்களில்தான். கடலோரக் காவல் படையை 999ல் கூப்பிட வேண்டியதாகிவிடும். அதனால் ஊர்க் கடைகளில் விற்கும் கையடக்க ஓத அட்டவணைப் புத்தகம் ஒன்றை முதல் நாளே வாங்கிவிட வேண்டும்.

அத்தான் அதை வாங்கி வந்து சமையலறை மேஜையில் விரித்து, எந்த நாள் எந்த நேரம் கடற்கரை என்று தாளில் கட்டம் போட்டுக்கொண்டிருந்தார். அம்மா தன் பையிலிருந்து பாம்புப் பஞ்சாங்கத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அந்த வார நடுவில் வைகாசி அமாவாசை. அட்டவணையில் எண்கள் பெரிதாக இருந்த நாட்களும் அதை ஒட்டியேதான் வந்தன. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிச் சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நின்று இழுக்கின்றன, ஓதம் பெருகுகிறது. அஷ்டமி நவமியில் ஆளுக்கொரு பக்கம் இழுப்பதால் ஏற்றவற்றம் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. இது பள்ளிக்கூடப் பாடம். பாடத்தில் இல்லாத ஒன்றை அட்டவணை காட்டியது. இந்தக் கடற்கரையில் அமாவாசை, பௌர்ணமி நாட்களில் அடிவற்றம் எப்போதும் மதியத்தை ஒட்டியே வரும். மணல் மைல் கணக்கில் திறந்து கிடக்கும், பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். அஷ்டமி என்றால் மதியத்தில் தண்ணீர் மேலே ஏறி நிற்கும், விளையாட இடம் குறைவு. "அதான் அஷ்டமியில எதுவும் தொடங்காதேங்கறது" என்றாள் அம்மா, பெருமையாக. விஞ்ஞானம் அப்படிச் சொல்லவில்லை என்று அத்தான் தொடங்கினார். அக்கா அவரை டப்பா கழுவ அனுப்பினாள். வீட்டை எந்த வாரத்துக்கு எடுப்பது என்பதற்கு இனி நான் பஞ்சாங்கத்தைத்தான் பார்க்கப்போகிறேன்.

அமாவாசைக்கு மறுநாள் நியூகேல் போனோம். இரண்டு மைல் நீளக் கடற்கரை. சாலைக்கும் மணலுக்கும் நடுவே கூழாங்கல் கரை ஒன்று ஆள் உயரத்துக்கு மேல் குவிந்து கிடக்கிறது. 1859 அக்டோபரில் அடித்த பெரும்புயல் ஒரே இரவில் அள்ளிப்போட்டது என்பார்கள். இப்போதும் பெரிய புயலில் கல் தாண்டிச் சாலைக்கு வந்துவிடும். நல்ல வற்றத்தில், மேலே மணல் அரித்துப் போயிருந்தால், கறுத்த மரக்கட்டைகள் தலைகாட்டும். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் தாழ்ந்திருந்தபோது அங்கே நின்ற காட்டின் மிச்சம். நாங்கள் போன அன்று மணல் மூடியிருந்தது, ஒன்றும் தெரியவில்லை. பிள்ளைகள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. வாய்க்காலை மறித்து அணை கட்டினார்கள். அத்தான் பொறியாளர் என்பதால் அணையில் கலிங்கு வைக்க வேண்டும் என்று சண்டை போட்டார்.

ஓதத்தை அட்டவணையில் பார்க்கலாம், காற்றுக்கு அட்டவணை கிடையாது. ஸ்கோமர் தீவுக்கு டிக்கெட் முன்னதாகவே எடுத்திருந்தோம். பஃபின் பறவை பார்க்க ஏப்ரலிலிருந்து ஜூலை வரைதான் வாய்ப்பு, அப்புறம் எல்லாம் நடுக்கடலுக்குப் போய்விடும். தீவில் படகு நிற்கும் துறை வடக்கு பார்த்தது. வடகாற்று கொஞ்சம் வலுத்தாலும் இறங்க முடியாது, படகு ரத்து. முதல் தேதி அப்படித்தான் போயிற்று, பெயர்ந்த தேதியில்தான் போனோம்.

மார்ட்டின்ஸ் ஹேவனில் படகேறினால் கால் மணி நேரப் பயணம்தான், ஆனால் இறங்கியதும் செங்குத்தான படிகள். அம்மாவின் முட்டிக்கு அது சரிவராது. அவளும் அக்காவும் கரையிலேயே இருந்து கடல்நாய், கடற்பறவை பார்ப்பதாகச் சொன்னார்கள். தெர்மாஸில் காபியும் முறுக்கும் இருந்ததால் எனக்கு அதில் குற்ற உணர்வு ஏதுமில்லை. தீவில் 40,000க்கும் மேல் பஃபின்கள். ஒரு சாண் உயரம்கூட இருக்காத பறவை, அலகில் வெள்ளி மின்ன ஐந்தாறு மீன்களைக் குறுக்காகக் கவ்விக்கொண்டு பொத்தென்று வந்து விழுகிறது. நம் காலுக்கு முன்னால் பாதையைக் கடந்து பொந்துக்குள் போகிறது. மனிதரைக் கண்டு பயமே இல்லை, கடற்காகத்தைக் கண்டுதான் ஓட்டம். தீவில் முட்டை தின்னும் பெரிய எலி இல்லை, அதனால்தான் மண்ணுக்குள் முட்டையிட்டுப் பிழைக்க முடிகிறது. ஆனால் தீவின் நிஜ முதலாளி பஃபின் இல்லை. சுமார் 350,000 ஜோடி மேங்க்ஸ் ஷியர்வாட்டர் பறவைகள் அங்கே பொந்தில் குடியிருக்கின்றன. பகலில் ஒன்றைக்கூடப் பார்க்க முடியாது, கடற்காகத்துக்கு பயந்து இருட்டிய பிறகுதான் கரைக்கு வரும். குளிர்காலத்தில் தென் அமெரிக்கா வரை போய்வருகிறவை. பாதையை விட்டு விலகாதீர்கள் என்று தீவின் காவலர் திரும்பத் திரும்பச் சொன்னதன் அர்த்தம் இதுதான். தரை முழுக்க வீடு, காலை வைத்தால் கூரை இடிந்துவிடும்.

மழை நாளுக்கு என்று ஒரு நாளை ஒதுக்கியே வைக்க வேண்டும். எங்கள் மழை நாள் செயின்ட் டேவிட்ஸுக்குப் போயிற்று. ஒரு தெருவும் ஒரு சதுக்கமும் உள்ள ஊர், சட்டப்படி நகரம், பிரிட்டனிலேயே மக்கள்தொகையில் சிறியது. பேராலயத்தைத் தேடினால் கண்ணில் படாது, பள்ளத்துக்குள் இறங்கி இருக்கிறது. கடல்வழி வந்த கொள்ளையருக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று கட்டியது என்பார்கள். இப்போதைய கட்டடம் 1181ல் தொடங்கியது. உள்ளே தரை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கிட்டத்தட்ட நாலு மீட்டர் சரிகிறது. மகன் ஒரு பென்சிலை உருட்டிப் பார்த்தான். உருண்டது. இங்கே இருமுறை யாத்திரை வந்தால் ரோமுக்கு ஒருமுறை போன புண்ணியம் என்று பன்னிரண்டாம் நூற்றாண்டுப் போப் ஒருவர் சொன்னதாகக் கதை. கட்டணச் சலுகை எல்லா மதத்திலும் உண்டு.

அன்று இரவு கரண்ட் இருந்தும் விளக்கை அணைத்துவிட்டு அத்தான் பிள்ளைகளுக்கு ஸ்மால்ஸ் கலங்கரை விளக்கத்தின் கதையைச் சொன்னார். கரையிலிருந்து சுமார் இருபது மைல் தள்ளிக் கடலுக்கு நடுவில் ஒரு பாறை. அதன் முதல் விளக்கத்தை 1770களில் இதே சோல்வாவில் மரத்தால் செய்து, பிரித்து, கொண்டுபோய் நிறுத்தினார்கள். இரண்டே இரண்டு காவலர்கள். 1801ல் அதில் ஒருவர் இறந்துவிட்டார். இருவருக்கும் ஆகாது என்பது ஊருக்கே தெரியும். கடலில் போட்டால் கொன்றுவிட்டான் என்பார்களே என்று மற்றவர் உடலைப் பெட்டி செய்து வெளியே கட்டிவைத்தார். புயலில் பெட்டி உடைந்தது. கை ஒன்று தொங்கி, காற்றில் ஆடி, கூப்பிடுவது போலவே தெரிந்ததாம். வாரக்கணக்கில் படகு வர முடியவில்லை. விளக்கை மட்டும் அவர் ஒரு இரவும் அணையவிடவில்லை. அதற்குப் பிறகு அப்படிப்பட்ட இடங்களில் மூன்று பேரை வைப்பது வழக்கமானது. கதை முடிந்ததும் அக்கா மகள் ஆச்சி படுக்கையில்தான் படுப்பேன் என்று போய்விட்டாள். அம்மா மட்டும் கேட்டாள், "அத்தன நாளைக்கு அரிசி பருப்பு எப்படி வச்சிருந்தாங்க?"

நண்டு வெள்ளிக்கிழமை. கோயில் விரதம், அமாவாசை எல்லாம் முடிந்து, அம்மா வெள்ளிக்கிழமை விரதத்தையும் "வெளியூர்ல கணக்கில்ல" என்று தள்ளுபடி செய்த பிறகு. மே, ஜூனில் சிலந்தி நண்டுகள் கூட்டம் கூட்டமாக ஆழத்திலிருந்து கரையோரம் வரும். முதுகெல்லாம் முள், கால் ஒவ்வொன்றும் முழ நீளம். உள்ளூர்க்காரர்கள் அவ்வளவாகத் தொடுவதில்லை, பெரும்பாலும் ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் லாரி ஏறிவிடும். படகிலிருந்து கூடை இறக்கிக்கொண்டிருந்தவரிடம் கேட்டோம். அம்மா ஒவ்வொன்றையும் கையில் தூக்கி எடை பார்த்தாள், வயிற்றைப் புரட்டி அழுத்தினாள், லேசாக இருந்த இரண்டைத் திருப்பிப் போட்டாள். மொழி தெரியாமலே அவருக்குப் புரிந்தது. அடுத்ததை அவரே பார்த்து எடுத்துக் கொடுத்தார்.

உடைக்கச் சுத்தியல் இல்லை. காலைத் துண்டில் சுற்றி, பின்கட்டுக் கல்லில் வைத்து, சப்பாத்திக் கட்டையால் தட்டினோம். ஓட்டின் முள் குத்தி அத்தானுக்கு விரலில் ரத்தம். தேங்காயும் சோம்பும் மிளகும் அரைத்து ஊற்றிய குழம்பு. கொதிக்கும்போது நெடி ஜன்னல் வழியாகச் சந்துக்கே போயிற்று. நம் ஊர் நண்டை விட இதில் காலில்தான் சதை, கொஞ்சம் தித்திப்பு கூட. தொட்டுக்கொள்ள லேவர் என்ற கடற்பாசியை டின்னில் வாங்கி வைத்திருந்தோம், மணிக்கணக்கில் வேகவைத்துக் குழைத்தது, வேல்ஸில் காலைச் சாப்பாட்டுக்குக் கிளிஞ்சலும் பன்றிக்கறியுமாகச் சாப்பிடுவது. கடலில் விளைந்த அகத்திக்கீரை மசியல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பூண்டு தாளித்துக் கொட்டிய பிறகு அம்மா இரண்டு கரண்டி போட்டுக்கொண்டாள்.

கிழவருக்கும் ஒரு கிண்ணம் போயிற்று. இந்தமுறை உட்கார்ந்து பேசினார். அந்த வரிசையில் ஜனவரியில் விளக்கெரிவது மூன்று வீட்டில்தான் என்றார், புகாராக இல்லை, வானிலை சொல்கிற குரலில். அவர் பேத்திக்கு ஊருக்குள் வீடு வாங்க வழியில்லை, உள்ளே தள்ளி ஹேவர்ஃபோர்ட்வெஸ்டில் இருக்கிறாளாம். 2023 ஏப்ரலிலிருந்து விடுமுறை வீடு என்று வணிக வரி கட்ட வேண்டுமானால் வருடத்தில் 182 நாட்களாவது உண்மையில் வாடகைக்குப் போயிருக்க வேண்டும் என்று வேல்ஸ் அரசு விதி போட்டது. இல்லாவிட்டால் இரண்டாம் வீட்டுக்கான கூடுதல் கவுன்சில் வரி, அதாவது உள்ளாட்சிக்குக் கட்டும் வீட்டு வரி. கூடுதலை 300 சதவீதம் வரை ஏற்றவும் உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் உண்டு. வருடத்தில் பத்து மாதம் பூட்டிக் கிடக்கும் வீட்டை விட எங்களைப் போன்றவர்கள் வந்து கடையில் பால் வாங்குகிற வீடு பரவாயில்லை என்று நான் நினைக்கிறேன். பேத்திக்கு அது பதில் இல்லை என்பதும் தெரிகிறது. வரி நியாயம்தான், அதனால் வாடகை ஏறினாலும்.

சனிக்கிழமை காலை என்பது காட்டேஜ் விடுமுறையில் விலைப்பட்டியலில் சொல்லாத கட்டணம். ஏழு மணிக்கே ஆரம்பம். வெள்ளை மேடைக்கல்லில் மஞ்சள் கறை, அதற்குச் சோடா மாவும் எலுமிச்சையும். நண்டு ஓடு உணவுக் கழிவு டப்பாவுக்கு, அதை அத்தான் மூன்று உறை போட்டுக் கட்டினார். ஃபிரிட்ஜில் மிச்சமிருந்த சாதம் புளிசாதமாகி டப்பாக்களில் ஏறியது, எம்4 நெரிசலில் அதுதான் மதியச் சாப்பாடு.

விருந்தினர் புத்தகத்தில் பிள்ளைகள் பஃபின் வரைந்தார்கள். அக்கா இரண்டு வரி நன்றி எழுதினாள். அம்மா பேனாவை வாங்கி, தமிழிலேயே, நிதானமாக எழுதினாள்: "வீடு நன்றாக இருக்கிறது. கத்திக்குச் சாணை பிடிக்கவும்."